உப்பு போடாத தட்டு

ஒரியந்தே, கியூபா
5 டிசம்பர் 1926

அன்புள்ள அக்கா இஸ்மேனிக்கு,

படலுக்கு வெளியே நின்று "மானம்" என்று குரல் கொடுக்கிறேன். உள்ளேயிருந்து நீ "மரியாதை" என்று பதில் சொன்னால்தானே நம் ஊரில் ஒருவன் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்? நடுவில் கடல் கிடக்கிறது என்பதற்காக வழக்கத்தை விட முடியுமா? நான் சுகமாக இருக்கிறேன். நீயும் வில்ஃபோர் மச்சானும் என் மகள் லூசெட்டும் சுகம்தானே? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. விடியுமுன் மணி அடிக்கிறார்கள். நம் அப்பா கோயிலில் அடித்த மணிக்கு ஜனங்கள் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். இந்த மணிக்கு அழுக்குச் சட்டையோடு ஓடவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். லயத்தில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். எல்லோரும் நம் நாட்டு ஆட்கள். கங்காணி மட்டும் இந்த ஊர்க்காரன். எங்களுக்குப் பெயர் இருக்கிறதே என்பதில் அவனுக்கு வருத்தம். "ஏய், நீ" என்றுதான் கூப்பிடுவான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சர்க்கரைவள்ளியும் உப்புக் கருவாடும். கருவாட்டில் இருக்கிற உப்பைப் பார்த்தால், மந்திரவாதி பிணத்தை எழுப்பி உப்பில்லாச் சோறு போட்டு வேலை வாங்குகிறானே, ஊரில் உள்ள அந்த ஜோம்பி எல்லாம் ஒரே வாயில் விழித்துக்கொண்டு கல்லறைக்கு ஓடிவிடும்.

லூசெட் என்னைக் கேட்கிறாளா? அவளைப் பெற்றதும் அவள் அம்மா கண்ணை மூடிய அன்றைக்கு, நீதான் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். அந்தக் கடனை என்னால் தீர்க்க முடியாது. இன்னும் ஒரு வெட்டு. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் வந்து என் மகளை என் முதுகில் சுமந்துகொண்டு போகிறேன் என்று அவளிடம் சொல்.

உன் தம்பி,
பிலோஜேன்

*

மாப்பூ-ரோஷ், ஹெயிட்டி
16 ஜனவரி 1927

அன்புள்ள தம்பி பிலோஜேனுக்கு,

மரியாதை. உள்ளே வா, உட்கார், காப்பி ஆறுகிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முட்டிவலி என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும். அவர் நலம். லூசெட்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரையில் எறிந்துவிட்டு, "எலி, எலி, நல்ல பல்லாக் குடு" என்று கத்தி ஊரைக் கூட்டினாள். ஆறு வயதுக்கு வாய் அதிகம். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று கருகிவிட்டது. கிணறு சேறாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து அமெரிக்கக் கம்பெனி ஆட்கள் சங்கிலியோடு வந்து சமவெளி முழுவதையும் அளந்துகொண்டு போகிறார்கள். கரும்பு போடப்போகிறார்களாம். மேற்கே எல்லோரும் விற்றுவிட்டார்கள். அவர் ராத்திரி பகல் இதே பேச்சு. "உன் தம்பி கையெழுத்து ஒண்ணுதான் குறுக்க நிக்குது" என்கிறார். அப்பா சொத்து உனக்கும் எனக்கும் பொது, இருவர் கையெழுத்தும் இல்லாமல் பத்திரம் ஆகாது என்று நோட்டரி சொல்லிவிட்டார். நீ அங்கிருந்தே சம்மதம் எழுதி அனுப்பலாமாம்.

அவர் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

லூசெட் இப்போது என்னை அத்தை என்று கூப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகி அம்மா என்கிறாள். திருத்தினேன். திரும்பவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். சின்னப் பிள்ளைதானே.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுளும் பெரியவர்களும் உன்னோடு இருக்கட்டும்.

உன் அக்கா,
இஸ்மேனி

*

ஒரியந்தே
27 பிப்ரவரி 1927

அன்புள்ள அக்காவுக்கு,

மானம். காப்பி சூடாக இருந்தது. நான் நலம், வலது கையில் சின்ன வெட்டு, ஆறிவிட்டது. நீங்கள் மூவரும் நலம்தானே?

அக்கா, கையெழுத்துப் போடமாட்டேன். மச்சானிடம் அப்படியே சொல். அந்த மண்ணில் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிறார்கள். லூசெட்டைப் பெற்றவளும் அங்கேதான் இருக்கிறாள். அதில் கரும்பா? அப்பா பூசை முடிந்து வந்து இரண்டு மடக்குச் சாராயம் உள்ளே போனதும் என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? பிரெஞ்சுக்காரன் காலத்தில் சவுக்கடி தாங்காமல் தூக்கில் தொங்கியவர்கள், செத்தால் தண்ணீருக்கு அடியில் இருக்கிற கினேவுக்கு, நம் பழைய மண்ணுக்கு, போய்விடலாம் என்று நினைத்துத்தான் தொங்கினார்கள். ஆனால் தன் உயிரைத் தானே எடுத்தவனுக்குக் கல்லறைத் தலைவன் பாரோன் வாசல் திறக்கமாட்டான். கங்காணியும் அதைச் சொல்லியே மிரட்டுவானாம். "சாவுடா. செத்தாலும் உன்னை எழுப்பி நாளைக்கு இதே வரப்புல வெட்ட வைப்பேன்." அந்தக் கங்காணியும் நம் நிறம்தான் என்று சொல்லி அப்பா துப்புவார்.

செத்தவனைக் கண்டு பயப்படுகிற ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்கும். செத்த பிறகும் வேலை செய்ய வேண்டி வருமோ என்று பயப்படுகிற ஊர் நம்முடையது. பிணத்தின் கையில் காது இல்லாத ஊசியையும் நூலையும் வைத்து, பக்கத்தில் எள்ளைக் கொட்டிப் புதைக்கிறோமே, எதற்கு? மந்திரவாதி வந்து கூப்பிட்டால், "இருய்யா, நூல் கோத்துக்கிட்டிருக்கேன், எள் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று செத்தவன் சாக்குச் சொல்லட்டும் என்றுதானே. அப்படிப்பட்ட ஜனங்கள் தாமாகவே கரும்புக்கு நிலத்தைக் கொடுப்பதா? நான் இங்கே வெட்டுகிற கரும்பு நம் குடும்பத்துக்குப் போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு நீலச் சட்டை அனுப்புகிறேன். பொத்தான் எல்லாம் சிப்பி. சாந்தியாகோ கடைத்தெருவில் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. இங்கே போட்டால் கரும்பு கிழித்துவிடும். பெட்டியில் வைத்திரு. ஊருக்கு வருகிற அன்று நீ அதைத் துறைமுகத்துக்கு எடுத்து வா. அதைப் போட்டுக்கொண்டுதான் படலில் நின்று குரல் கொடுப்பேன்.

லூசெட்டுக்கு முத்தம். உன்னை அவள் அம்மா என்று கூப்பிடட்டும், எனக்கு வருத்தமில்லை. என்னை அப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடு, அது போதும்.

உன் தம்பி,
பிலோஜேன்

*

ஒரியந்தே
22 மே 1927

அன்புள்ள அக்காவுக்கு,

மானம். நான் நலம். பதில் இல்லையே. ஈஸ்டரும் போய்விட்டது. சட்டை கிடைத்ததா? நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. கோபம் என்றால் திட்டி எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம்தான்.

பிலோஜேன்

*

ஒரியந்தே
3 ஜூலை 1927

அக்கா,

மானம். யாருக்காவது உடம்பு சரியில்லையா? லூசெட்டுக்கு ஒன்றும் இல்லையே? அவளைப் பற்றி மட்டும் ஒரு வரி போடு. வேறெதுவும் எழுதவேண்டாம்.

பிலோஜேன்

*

ஒரியந்தே
21 ஆகஸ்ட் 1927

அன்புள்ள அக்காவுக்கு,

மானம். மூன்றாவது தடவையாகக் குரல் கொடுக்கிறேன். இந்தத் தடவை நீ பயந்துவிடக்கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

களையெடுப்புக்கு ஆள் ஏற்றி வந்த கப்பலில் நம் ஊர் அந்தேனோர் வந்திறங்கினான். செருப்பு தைப்பாரே, அவர் மகன். லயத்து வாசலில் நான் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். நாலு பேர் துரத்திப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"ஏண்டா ஓடுறே?" என்றேன்.

"கிட்ட வராதே. நீ செத்துட்டே. உன் கருமாதியில நான் மூணு கிண்ணம் சூப் குடிச்சேன்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? உங்க அக்கா தலைவிரி கோலமா அழுதுச்சு. ஈஸ்டர் கழிஞ்சு எட்டாம் நாள் பெட்டி எறக்கினோம். ஜனவரியில நீ காய்ச்சல்ல போயிட்டேன்னு சேதி வந்துச்சாம்."

லயமே கூடிவிட்டது. யாரோ உப்பு கொண்டு வா என்றான். நம் ஊராக இருந்தால் ஜோம்பிக்கு உப்பு கொடுக்கிற உரிமை ரத்த உறவுக்கு மட்டும்தான். அடுத்தவன் கொடுத்தால் பழி அவன் வீட்டுக்குப் போகும். இங்கே எல்லோரும் ஒண்டிக்கட்டைகள், பழி வந்தாலும் இறங்க வீடு இல்லை. ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார்கள். நக்கினேன். நான் கல்லறையைத் தேடி ஓடுவேன் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். "கொஞ்சம் தண்ணி குடுங்கடா" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தேனோர் பக்கத்தில் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அப்படியே அழுதுவிட்டான், பாவம்.

சிரிக்கிறேன், ஆனாலும் உன்னை நினைத்தால் மனது கேட்கவில்லை. எவனோ சொன்ன பொய்யை நம்பி ஒன்பது நாள் பிரார்த்தனை வைத்திருக்கிறாய். எத்தனை அழுதாயோ. வெறும் பெட்டியில் என்ன வைத்தாய்? ஊசியை மறக்கவில்லையே?

உடனே பாதிரியாரிடம் போய்ச் சாவுப் பதிவில் என் பெயரை அடித்துவிடச் சொல். அதற்கு முன்னால் லூசெட்டிடம் சொல். ஒரு நாள்கூடத் தாமதிக்காதே.

உயிரோடு இருக்கும் உன் தம்பி,
பிலோஜேன்

*

மாப்பூ-ரோஷ்
18 செப்டம்பர் 1927

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. இங்கு எல்லோரும் நலம்.

செய்தி கொண்டுவந்தவன் யாரோ வழிப்போக்கன். அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போனான், நான் பார்க்கவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தோம். ஊசி வைத்தோம், எள் வைத்தோம். உன் கல்லறைக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். உனக்காக அழுதது பொய் இல்லை. அதை மட்டும் நம்பு.

நீ செத்ததாகப் பதிந்ததும் நோட்டரி என் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார், நிலம் ஜூன் மாதமே போய்விட்டது. வீடும் படலும் கள்ளிவேலியும் மட்டும் மிச்சம்.

நீ இப்போது வரவேண்டாம். கோபப்படாமல் யோசித்துப் பார். உயிரோடு வந்தாய் என்றால் பத்திரம் பொய், அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இல்லை, செத்தவன் எழுந்து வந்தான் என்றால் நாங்கள்தான் உன்னை மந்திரவாதிக்கு விற்றோம் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போன வருடம் ஆற்றங்கரையில் ஒரு வீட்டுக்கு இதே பேச்சில்தான் நெருப்பு வைத்தார்கள்.

லூசெட்டுக்கு ஏழு வயதாகிவிட்டது. உனக்காகக் கறுப்பு உடை போட்டு, கழற்றியும் ஆயிற்று. இப்போதுதான் இரவில் பயப்படாமல் தூங்குகிறாள். அதைக் கெடுக்காதே.

அங்கே உனக்கு வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. சில வருடம் போகட்டும்.

அக்கா

*

ஒரியந்தே
2 அக்டோபர் 1927

அக்காவுக்கு,

மானம். போன கடிதத்தில் நீ "மரியாதை" சொல்லவில்லை. கவனித்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை அந்தேனோருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பெட்டிதான் வெறும் பெட்டி. ஆனா அந்தச் சட்டையைச் சொல்லணும், அப்படி ஒரு சட்டை" என்றான். எந்தச் சட்டை என்று கேட்டேன்.

"நீலச் சட்டைடா. உடம்பு இல்லாததால உங்க அக்கா அதை மடிச்சுப் பெட்டிக்குள்ள வெச்சுச்சு. பொத்தானெல்லாம் சிப்பி. செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல சட்டைன்னு நாங்க பேசிக்கிட்டோம். ஊசியை அதோட பையிலதான் குத்தி வெச்சாங்க."

விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தேன்.

ஜனவரியில் செத்தவன் பிப்ரவரியில் சட்டை அனுப்புவானா, அக்கா? அந்தச் சட்டையோடு ஒரு கடிதமும் வந்ததே. கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருந்தேனே. அதைப் படித்துவிட்டுத்தான் என் சட்டையை மடித்திருக்கிறாய். நீ மடிப்பது எனக்குத் தெரியும், கையை உள்ளே வைத்துக் கழுத்துப்பட்டையை நீவி விடுவாய். அப்படித்தானே என்னையும் மடித்து வைத்தாய்? மச்சான் மிரட்டினாரா? அடித்தாரா? அப்படி ஏதாவது இருந்தால் சொல், மனது கொஞ்சம் ஆறும். இல்லை, பிள்ளைக்காகவா? உனக்குப் பிள்ளை இல்லை. என் மகள் உன்னை அம்மா என்கிறாள். நான் வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நானே எழுதியிருந்தேன். எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் சொல்லமாட்டாய்.

நிலம் எனக்கு வேண்டாம். பத்திரத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதிக் கொடுக்கிறேன், மச்சான் நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லறைத் திருநாளன்று வருகிறேன். ஊர் முழுவதும் கூடியிருக்கும். படலில் நின்று "மானம்" என்பேன். நீ எல்லோர் முன்னாலும் "மரியாதை" என்று பதில் சொல்லி, என் கையில் ஒரு கல் உப்பு வைக்கவேண்டும். ஊரில் எனக்கு உப்பு கொடுக்கக்கூடிய பெரிய மனுஷி நீ ஒருத்திதான். உன் கையால் வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே நின்றால் நான் மனுஷன் என்பதை எவனும் மறுக்க முடியாது. லூசெட் அதைப் பார்க்கவேண்டும். அவளுக்கு அப்பன் இருக்கிறான் என்று தெரியவேண்டும். அவளை உன்னிடமே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்கிறேன்.

ஒரு கல் உப்பு, அக்கா. அவ்வளவுதான்.

பிலோஜேன்

*

மாப்பூ-ரோஷ்
19 அக்டோபர் 1927

தம்பிக்கு,

எல்லோரும் நலம். வராதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன், வராதே.

இஸ்மேனி

*

சாந்தியாகோ துறைமுகம், கியூபா
27 நவம்பர் 1927

இஸ்மேனிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் கப்பல் ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது லயத்தில் கிடந்தது. நல்ல கடிதம். சிறியதாக இருந்தாலும் உன் மனதில் இருந்தது அதில்தான் முதன்முதலாக இருந்தது.

நீ அங்கேதான் இருந்தாய், எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எங்கிருந்து பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஊருக்குள் நுழையும்போதே சாலை காலியாகிவிட்டது. கல்லறையிலிருந்து மெழுகுவர்த்தியோடு வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். படலில் நின்று "மானம்" என்றேன். முற்றத்தில் நீ வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாய். உன் கை நின்றது. இரண்டாவது தடவை சொன்னேன். நீ எழுந்தாய். வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

மச்சான்தான் வெளியே வந்தார். "நாங்க எல்லாக் காரியமும் முறையாத்தான் செஞ்சோம், ஊரே சாட்சி. ஆனா உடம்பு கியூபாவுல கெடந்துச்சு. அங்க எந்தப் பாவி எழுப்பி விட்டானோ" என்று என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நன்றாகத் தயார் செய்து வைத்திருந்தார். ஊர் தலையாட்டியது.

"அக்கா, உப்பு குடு" என்றேன். "யாராச்சும் உப்பு குடுங்க, தின்னு காட்டுறேன்" என்றேன். யார் கொடுப்பார்கள்? செருப்பு தைக்கிறவர் மட்டும், "இஸ்மேனி, நீ ரத்த உறவு. நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நீ உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்தாய். சோளக்களியும் அவரையும். படலுக்கு மேலாக நீட்டினாய். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உப்பு போடுறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

அவ்வளவுதான். செருப்பு தைக்கிறவர், பிணத்துக்கு முன்னால் கழற்றுவதுபோல், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எனக்குப் பசி. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் தின்றேன். தின்னும்போதுதான் லூசெட்டைப் பார்த்தேன். உன் பாவாடைக்குப் பின்னால் நின்றாள். புதுப் பல் முளைத்திருக்கிறது. "அம்மா, ஜோம்பி என்னைப் பாக்குது" என்றாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

கல்லறைக்குப் போனேன். ஜோம்பி அங்கேதானே போகவேண்டும். சுண்ணாம்பு நன்றாக அடித்திருக்கிறாய். அப்பாவை விட என் கல்லறை வெள்ளையாக இருக்கிறது. உள்ளே என் நீலச் சட்டை ஊசியோடு கிடக்கிறது. காது இல்லாத அந்த ஊசியில் அது இத்தனை நேரம் நூல் கோத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு போடாதவளை எதுவரைக்கும் நினைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

இன்று புது வெட்டுக்கு ஆள் எடுத்தார்கள். வேறு தோட்டம். கணக்குப்பிள்ளை என் பெயரைக் கேட்டான். ஒரு பெயர் சொன்னேன், எழுதிக்கொண்டான். அது உனக்கு வேண்டாம்.

லூசெட்டுக்குப் பயம் தெளிந்ததும் தலைக்கு எண்ணெய் வைத்து விடு.

*

மாப்பூ-ரோஷ்
12 ஆகஸ்ட் 1928

அன்புள்ள தம்பி பிலோஜேனுக்கு,

இது எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை. பழைய லயத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன், யாராவது உன்னிடம் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில். நீ எப்படி இருக்கிறாய்? கையில் வெட்டுப் பட்டதாக எழுதியிருந்தாயே, அது முழுவதும் ஆறிவிட்டதா?

கரும்பு வேலிவரை வந்துவிட்டது. அப்பா அம்மா கல்லறை நடுவில் நிற்கிறது, மெழுகுவர்த்தி வைக்கக் கம்பெனிக் காவல்காரனிடம் கேட்டுத்தான் போகவேண்டும். அவருக்குக் காவல் வேலை தருவதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. இப்போது இருவரும் களையெடுக்கப் போகிறோம். இங்கேயும் விடியுமுன் மணி அடிக்கிறார்கள். நம் நிலத்தில்தான் எங்களுக்கு வேலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு காரியம் சொல்லவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ போன மறுநாள் லூசெட் கேட்டாள். "அம்மா, ஜோம்பி அழுமா?" அழாது என்றேன். "இது அழுதுச்சே. தின்னுக்கிட்டே அழுதுச்சே" என்றாள். புகை பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று இருந்தேன்.

போன வாரம் துணி துவைக்கும்போது அவள் பாவாடை முனையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கல் உப்பு. வேர்வையில் பாதி கரைந்திருந்தது. எத்தனை நாளாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். துவைக்கும்போதெல்லாம் எடுத்து மறைத்துவிட்டுத் திரும்பவும் முடிந்துவைப்பாளாம். எதற்கு என்று கேட்டு இரண்டு அடி வைத்தேன். முதல் அடிக்குச் சொல்லவில்லை. இரண்டாவது அடிக்குச் சொன்னாள்.

"ரத்த உறவுதானே குடுக்கணும்? நீ குடுக்கல. அடுத்த தடவ வந்தா நான் குடுப்பேன்."

நான் முடிச்சைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் மிரட்டினாரா, அடித்தாரா என்று எழுதியிருந்தாய். இல்லை. நீ இதை நம்பினால் போதும். நிலத்துக்காக அவர் பேசினார், சட்டையை மடித்தது நான். நீ வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

வா. அவரிடம் சொல்லிவிட்டேன். ஊர் என்ன செய்தாலும் செய்யட்டும். கல்லறைத் திருநாள் வருகிறது. சாயங்காலமானால் லூசெட் படலருகே போய் உட்கார்ந்துகொள்கிறாள். யார் குரல் கொடுத்தாலும் எனக்கு முந்தி அவள் பதில் சொல்கிறாள்.

மரியாதை, தம்பி. மரியாதை. உள்ளே வா.

உன் அக்கா,
இஸ்மேனி

*

(உறையின் பின்புறம், தோட்டக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில்)

திருப்பி அனுப்பப்படுகிறது. இந்தப் பெயரில் இங்கு ஆள் இல்லை.
9 அக்டோபர் 1928